640ஆம் எண் அலமாரி: குடும்ப, பயனீட்டாளர் அறிவியலில் பட்டமேற்படிப்பு மாணவர்கள் எதை ஆராய்கிறார்கள்?

சிங்கப்பூரின் எந்த வட்டார நூலகத்திற்குச் சென்றாலும் 640 என்ற எண்ணில் தொடங்கும் அலமாரி வரிசை ஒன்று இருக்கும். 641இல் உணவும் சமையலும், 643இல் வீடும் வீட்டுச் சாதனங்களும், 646இல் தையலும் உடையும், 649இல் குழந்தை வளர்ப்பும் வீட்டிலேயே நோயாளிகளைப் பேணுதலும் அடங்கும். தீபாவளிக்கு முன் முறுக்கு செய்முறை தேடி வருபவர்களும் முதல் குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதியரும் அந்த வரிசையின் முன்தான் நிற்பார்கள். அந்த நூல்களுக்குப் பின்னால் நூறாண்டுக்கும் மேற்பட்ட பல்கலைக்கழக ஆராய்ச்சி இருக்கிறது என்பதையும், அதில் ஆண்டுதோறும் மாணவர்கள் முதுநிலைப் பட்டத்துக்கும் முனைவர் பட்டத்துக்கும் ஆய்வேடு எழுதுகிறார்கள் என்பதையும் பலர் அறிந்திருப்பதில்லை. குடும்ப, பயனீட்டாளர் அறிவியல் என்பது அத்துறையின் இன்றைய பெயர். அதன் மாணவர்கள் எவற்றை ஆராய்கிறார்கள், அவர்களுடைய நாட்டம் எவ்வாறு மாறி வந்திருக்கிறது, அந்த மாற்றத்தை எப்படிப் புரிந்துகொள்வது ஆகியவற்றை, இத்துறையைப் பற்றி முதன்முறையாகக் கேள்விப்படுவோருக்கு இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

பெயரும் பிறப்பும்

நூலக எண்முறையை வகுத்த மெல்வில் டூயிக்கு இத்துறையோடு நேரடித் தொடர்பு உண்டு. நியூயார்க் மாநிலத்தின் லேக் பிளாசிட் என்ற ஊரில் அவரும் அவருடைய மனைவி ஆன்னியும் நடத்திவந்த ஓய்வு விடுதியில்தான் 1899ஆம் ஆண்டில் இத்துறையின் முதல் மாநாடு கூடியது. அதற்குத் தலைமையேற்ற எலன் சுவாலோ ரிச்சர்ட்ஸ், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பட்டம் பெற்ற முதல் பெண். 1873இல் அங்கு வேதியியல் படித்து முடித்தவர். குடிநீரின் தூய்மையையும் மளிகைப் பொருள்களின் கலப்படத்தையும் சோதனைக்கூடத்தில் வைத்து ஆராய்ந்தவர். தொழிற்சாலைக்கு உதவும் அறிவியல், வீட்டுக்குள் வரும் தண்ணீருக்கும் காற்றுக்கும் உணவுக்கும் ஏன் உதவக்கூடாது என்பதே அவருடைய கேள்வி. 1908 வரை பத்து முறை கூடிய அந்த மாநாடு பின்னர் அமெரிக்க மனையியல் சங்கமாக உருவெடுக்க, ரிச்சர்ட்ஸ் அதன் முதல் தலைவரானார். முதல் மாநாட்டிலேயே ஏற்கப்பட்ட ‘ஹோம் எகனாமிக்ஸ்’ என்ற பெயர் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு நிலைத்தது. 1993இல் அரிசோனா மாநிலத்தின் ஸ்காட்ஸ்டேல் நகரில் கூடிய கல்வியாளர்கள் பெயரை மாற்றப் பரிந்துரைத்தார்கள். மறு ஆண்டே சங்கமும் குடும்ப, பயனீட்டாளர் அறிவியல் என்ற பெயருக்கு மாறியது.

தமிழ்நாட்டில் இது மனையியல் என்றே அறியப்படுகிறது. கோயம்புத்தூரின் அவினாசிலிங்கம் நிறுவனம் அங்கு இக்கல்விக்குப் பெயர் பெற்றது. சிங்கப்பூரில் நமக்குப் பழக்கமானது உயர்நிலைப் பள்ளிப் பாடம்தான். என் தலைமுறையில் மாணவியர் சமையலறைக்கும் மாணவர்கள் பட்டறைக்கும் வரிசையில் நடந்து போனோம். இப்போது அது ‘உணவு, பயனீட்டாளர் கல்வி’ என்ற பெயரில் இருபாலருக்கும் பொதுவான பாடமாக இருக்கிறது. ஆயினும், ‘அது சமையல் வகுப்புதானே’ என்று சொல்லும் பெற்றோரை இன்றும் பார்க்கிறேன். பெயர் மாறியதற்கு அந்த எண்ணமும் ஒரு காரணம். பெயரை மாற்றிய பிறகும் அது முற்றாக மறைந்துவிடவில்லை.

இங்கு ஒரு சிக்கலை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் இருப்பதைப்போல, இப்பெயரைத் தாங்கிய தனிப் புலம் எதுவும் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகங்களில் இல்லை. துறைக்குரிய பொருள்கள் மட்டும் இங்கே சிதறிக் கிடக்கின்றன. குடும்பத்தை ஆராய விரும்பும் மாணவர் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் சமூகவியல் துறைக்கோ சமூகப்பணித் துறைக்கோ போவார். உணவை ஆராய்பவர் உணவு அறிவியலுக்கும் பொதுச் சுகாதாரத்துக்கும், பயனீட்டாளரின் மனப்போக்கை ஆராய்பவர் வணிகப் பள்ளிக்கும் போவார். இப்பாடத்தைப் பள்ளியில் கற்பிக்கும் முறையை ஆராய்பவருக்குத் தேசியக் கல்விக் கழகமும், முதுமையை ஆராய்பவருக்குச் சிங்கப்பூர்ச் சமூக அறிவியல் பல்கலைக்கழகமும் உரிய இடங்கள். நூலகத்திலும் இதே கதைதான்: சமையல் 641இல் இருக்க, குடும்பச் சமூகவியல் 306இலும் தனிநபர் நிதி 332இலும் வேறு வேறு தளங்களில் உட்கார்ந்திருக்கின்றன. ஒரே வீட்டில் நடக்கும் காரியங்களைப் பல அலமாரிகளில் தேட வேண்டியிருக்கிறது.

போக்கு என்றால் என்ன?

பட்டமேற்படிப்பு மாணவரின் ஆய்வேடு என்பது, நெறியாளர் ஒருவரின் வழிகாட்டுதலில், ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, அதற்குத் தரவு திரட்டி, விடையை நியாயப்படுத்தும் நீண்ட எழுத்து. இதற்கு முழுநேர முதுநிலை மாணவருக்குப் பொதுவாக ஓரிரண்டு ஆண்டுகளும் முனைவர் பட்ட மாணவருக்கு நான்கைந்து ஆண்டுகளும் ஆகும். ஒரு துறையில் குறிப்பிட்ட காலத்தில் முடிந்த ஆய்வேடுகளின் தலைப்புகளைத் திரட்டி, உட்பிரிவுகளாக வகைப்படுத்தி, எந்தப் பிரிவு வளர்கிறது, எது தேய்கிறது என்று பார்த்தால் அதுவே ஆய்வுப் போக்கு. அமெரிக்காவில் இத்துறையின் ஆய்வேட்டுத் தலைப்புகளைப் பட்டியலாக வெளியிடும் வழக்கம் பல்லாண்டுகளாக இருந்து வந்திருப்பதால், இப்படிப்பட்ட கணக்கெடுப்பு அங்கு எளிதாயிற்று.

ஆய்வறிஞர்களின் நூல்களை விட்டுவிட்டு மாணவர்களின் ஆய்வேடுகளை ஏன் பார்க்க வேண்டும் என்று கேட்கலாம். மாணவர்தான் அடுத்த இருபது முப்பது ஆண்டுகளுக்கு அத்துறையின் ஆசிரியராகவும் அதிகாரியாகவும் இருக்கப் போகிறவர். அவர் இன்று எடுக்கும் கேள்வி நாளைய பாடத்திட்டமாக வரக்கூடும். இதற்கு நல்ல எடுத்துக்காட்டு மார்கரெட் ரீட். சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஹேசல் கிர்க் என்ற பொருளியலரின் நெறியாள்கையில் 1931இல் அவர் முனைவர் பட்டம் பெற்றார். வீட்டு உற்பத்தியின் பொருளியலைப் பற்றிய அந்த ஆய்வு 1934இல் நூலாக வெளிவந்தது. ஊதியமில்லா வீட்டு வேலையைக் கணக்கிடுவோர் இன்றும் அவர் வகுத்த அளவுகோலிலிருந்தே தொடங்குகிறார்கள்.

அந்த அளவுகோலைச் சற்று நின்று பார்க்கலாம், ஏனெனில் அது சிங்கப்பூருக்கென்றே செய்ததுபோல் இருக்கிறது. ஒரு காரியத்தை நமக்குப் பதிலாகக் கூலி பெற்றுக்கொண்டு இன்னொருவர் செய்ய முடியுமானால் அது உற்பத்தி. செய்ய முடியாதெனில் அது உற்பத்தியாகாது. துணி துவைக்கவும் சமைக்கவும் அம்மாவை மருந்தகத்துக்கு அழைத்துச் செல்லவும் ஆள் வைக்கலாம். நமக்காக இன்னொருவர் தூங்கவோ திரைப்படம் பார்த்து மகிழவோ முடியாது. எனவே முதலாவது வகை, யாரும் காசு கொடுக்காவிட்டாலும், உழைப்புதான். சிங்கப்பூரில் 2.5 இலட்சத்துக்கும் அதிகமான வெளிநாட்டு இல்லப் பணிப்பெண்கள் வேலை செய்கிறார்கள். அதாவது, ரீட் கற்பனையில் வைத்த அந்த ‘இன்னொருவர்’ இங்கே உண்மையாகவே பல வீடுகளில் இருக்கிறார், அவருடைய சம்பளமும் தெரிகிறது. ஆறாவது மாடியில் பணிப்பெண் செய்யும் வேலை சம்பளத்தின் வழியாகத் தேசியக் கணக்கில் இடம்பெறுகிறது; அதே வேலையை ஏழாவது மாடியில் மருமகள் செய்தால் அது எந்தக் கணக்கிலும் சேர்வதில்லை.

இந்த இடத்திலிருந்து ஒரு மாணவருக்கு எத்தனை கேள்விகள் கிளைக்கின்றன என்று பாருங்கள். பணிப்பெண் வந்த பிறகு வீட்டு வேலை உண்மையில் குறைகிறதா, அல்லது வேலை வாங்குவது என்ற புதிய வேலை சேர்ந்து அதுவும் பெரும்பாலும் மனைவியின் தலையில் விழுகிறதா? பணிப்பெண் தன் பிள்ளையை இந்தோனேசியாவிலோ பிலிப்பீன்ஸிலோ மியன்மாரிலோ விட்டுவிட்டு இங்கே இன்னொருவர் பிள்ளையை வளர்க்கும்போது, அங்கே அந்தப் பிள்ளையை வளர்ப்பது யார்? 2013 ஜனவரி முதல் நடப்புக்கு வந்த வாராந்திர ஓய்வு நாள் விதி வீட்டின் ஞாயிற்றுக்கிழமையை எப்படி மாற்றியது? முதல் கேள்வி நேரப் பயன்பாட்டு ஆய்வு. இரண்டாவது, எல்லை கடந்த குடும்பங்களைப் பற்றிய ஆய்வு. மூன்றாவது, சட்டமும் குடும்ப நடைமுறையும் சந்திக்கும் இடம்.

கேள்வியே மாறிய விதம்

தலைப்புகள் மாறியதைவிடக் கேள்வியின் வடிவம் மாறியதே இத்துறையின் பெரிய போக்கு என்பது என் கருத்து. தொடக்க காலக் கேள்விகள் ‘எப்படிச் செய்ய வேண்டும்’ என்ற அமைப்பில் இருந்தன: எந்த வெப்பத்தில் வேகவைத்தால் சத்து குறையாது, எந்தத் துணி எத்தனை முறை சலவைக்குத் தாங்கும், அடுப்பும் தொட்டியும் எந்த இடைவெளியில் இருந்தால் நடை மிச்சமாகும். அமெரிக்கச் சட்டங்களும் இதற்கு ஏற்ப அமைந்தன. 1914ஆம் ஆண்டின் ஸ்மித்-லீவர் சட்டம் பல்கலைக்கழக ஆய்வைக் கிராமத்து வீடுகளுக்குக் கொண்டுசேர்க்கும் விரிவாக்கப் பணிக்கு நிதி தந்தது. 1917இன் ஸ்மித்-ஹியூஸ் சட்டம் பள்ளிகளில் மனையியல் கற்பிக்க நிதி தந்தது. அறிவுரை சொல்வதற்காகப் பிறந்த துறை அறிவுரைக்கான ஆய்வையே செய்தது.

பிறகு வந்த கேள்விகள் ‘ஏன் இப்படி நடக்கிறது’ என்றும் ‘யாருக்கு இது முடிகிறது, யாருக்கு முடியவில்லை’ என்றும் கேட்டன. கார்னெல் பல்கலைக்கழகம் தன் மனையியல் கல்லூரியை 1969இல் மனிதச் சூழலியல் கல்லூரி என்று பெயர் மாற்றியது இந்தத் திருப்பத்தின் அடையாளம். அங்கு பணியாற்றிய யூரி பிரான்ஃபென்பிரென்னர் 1979இல் முன்வைத்த கோட்பாடு, குழந்தையை வீடு, பள்ளி, அண்டை அயல், பெற்றோரின் வேலையிடம், நாட்டின் கொள்கை என்று ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த வளையங்களுக்குள் வைத்துப் பார்த்தது. தந்தையின் வேலை நேரம் மாறினால், அவருடைய அலுவலகத்தில் ஒருநாளும் கால் வைக்காத குழந்தையின் நாளும் மாறுகிறது. இன்றைய குடும்ப ஆய்வேடுகள் பலவற்றில் இரண்டாம் அத்தியாயத்தில் இந்த வளையப் படத்தைப் பார்க்கலாம். சில சமயம் வெறும் அலங்காரமாகவும் அது வந்துவிடுகிறது.

குடும்ப வரவு செலவு பற்றிய ஆய்வில் இந்த மாற்றம் தெளிவாகத் தெரியும். ‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்று பாட்டிமார் சொன்னதைத்தான் 1857இல் எர்ன்ஸ்ட் எங்கல் என்ற ஜெர்மானியப் புள்ளியியலர் பெரிய அளவில் செய்தார். பெல்ஜியத் தொழிலாளர் குடும்பங்களின் செலவுக் கணக்குகளை ஆராய்ந்து, குடும்பம் ஏழ்மையாக இருக்க இருக்க, செலவில் உணவின் பங்கு கூடுகிறது என்று அவர் காட்டினார். சிங்கப்பூரிலும் இம்மரபு பழையது: பின்னாளில் நிதி அமைச்சராகவிருந்த கோ கெங் சுவீ, சமூக நலத்துறை அதிகாரியாக இருந்தபோது 1953-54இல் நகரக் குடும்பங்களின் வருமானத்தையும் குடியிருப்பையும் வீடு வீடாக ஆராய்ந்தார். இன்று புள்ளிவிவரத் துறை ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை குடும்பச் செலவின ஆய்வு நடத்துகிறது. அண்மையது 2023இல் நடந்தது.

குடும்பம் எவ்வளவு செலவழிக்கிறது என்பது ஒரு கேள்வி. மானத்தோடு வாழ எவ்வளவு தேவை என்பது வேறொரு கேள்வி. இரண்டாவதை இங் கொக் ஹோ, தியோ யூ யென் உள்ளிட்ட ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். சாதாரண மக்களைக் குழுக்களாக உட்காரவைத்து, சிங்கப்பூரில் அடிப்படை வாழ்க்கைக்கு எந்தெந்தப் பொருள் வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பேசி ஒத்த முடிவுக்கு வரச் செய்து, அப்பட்டியலுக்கு விலை போட்டார்கள். தனியாக வாழும் 65 வயதைக் கடந்த முதியவருக்கு மாதம் 1,379 வெள்ளி தேவை என்று 2019இல் அந்த ஆய்வு கூறியது. இரண்டு பிள்ளைகளுள்ள தம்பதியருக்கு 6,426 வெள்ளி என்று 2021இல் அடுத்த ஆய்வு கூறியபோது, பட்டியலில் உள்ள சில பொருள்கள் அடிப்படைத் தேவையா, விருப்பமா என்று அரசாங்கம் மாற்றுக் கருத்தை முன்வைத்தது. புதிதாகப் படிப்பவர் இரு தரப்பில் யார் சரி என்று முடிவுகட்டுவதற்கு முன், ‘தேவை’ என்ற சொல்லை வரையறுப்பதிலேயே ஆய்வின் பாதி அடங்கியிருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். உறவினர் திருமணத்துக்கு மொய் வைக்கும் பணம் தேவையா, ஆடம்பரமா? நம் வீடுகளில் இதற்கு ஒரே விடை கிடைக்காது.

உணவாராய்ச்சியும் இவ்வாறே நகர்ந்திருக்கிறது. 2009இல் தொடங்கிய கஸ்டோ என்ற சிங்கப்பூர் ஆய்வு, 1,200க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைச் சேர்த்து, அவர்களையும் பிறந்த குழந்தைகளையும் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தது. சீன, மலாய், இந்தியத் தாய்மார் பிரசவத்துக்குப் பிந்திய மாதத்தில் என்ன சாப்பிடுகிறார்கள் என்று ஒப்பிட்டதும் அதிலிருந்து பிறந்த ஆய்வுகளில் ஒன்று. பூண்டுக் குழம்பும் பிரசவ இலேகியமும் கருவாடும் நமக்குப் பத்தியம். ஆய்வாளருக்கோ அது ஊட்டச்சத்துப் பட்டியலும் மாமியார்-மருமகள் உறவும் மருத்துவரின் சொல்லுக்கும் பாட்டியின் சொல்லுக்கும் இடையிலான இழுபறியும் ஒருங்கே தெரியும் சாளரம். பழைய மனையியலர் அந்தக் குழம்பில் என்ன சத்து இருக்கிறது என்று மட்டும் கேட்டிருப்பார். இன்றைய மாணவர், யார் சொன்னால் அந்தத் தாய் சாப்பிடுகிறாள் என்பதையும் கேட்கிறார்.

பயனீட்டாளர் பக்கத்தில் நியூட்ரி-கிரேட் முத்திரை ஓர் இயற்கைப் பரிசோதனையாக, அதாவது ஆய்வாளர் ஏற்பாடு செய்யாமலே கிடைத்த பரிசோதனையாக, அமைந்தது. 2022 டிசம்பர் 30 முதல் பொட்டல பானங்களுக்கும், ஓராண்டு கழித்து உடனுக்குடன் தயாரிக்கப்படும் பானங்களுக்கும், சர்க்கரையையும் நிறைவுற்ற கொழுப்பையும் பொறுத்து ஏ முதல் டி வரை தரம் குறிக்கும் விதி வந்தது. டி முத்திரையைப் பார்த்துக் கை பின்வாங்குகிறதா, அல்லது உற்பத்தியாளர் முந்திக்கொண்டு சர்க்கரையைக் குறைத்துவிடுகிறாரா, உணவங்காடியில் தே தாரிக் கேட்பவர் இதையெல்லாம் பார்க்கிறாரா என்பவை ஒவ்வொன்றும் தனித்தனி ஆய்வுக்கு உரியவை. இணைய மோசடிகள், பொருளை இப்போது வாங்கிப் பணத்தைப் பிறகு செலுத்தும் தவணைத் திட்டங்கள், இளையரின் நிதியறிவு ஆகியவையும் இப்போது மாணவர்களை ஈர்க்கும் தலைப்புகள்.

உடையும் துணியும் ஒரு காலத்தில் இத்துறையின் நடுநாயகமாக இருந்தன. இன்று அவை மலிவு விலை ஆடைகளின் கழிவு, மறுபயன்பாடு என்ற வடிவத்தில்தான் மிகுதியாகத் திரும்பி வருகின்றன. மழைமேகத்தைப் பார்த்து மூங்கில் கழிகளை உள்ளே இழுக்கும் நம் அடுக்குமாடி வாழ்க்கையில், துணி உலர்த்துவது பற்றி யாராவது ஒரு நல்ல ஆய்வேடு எழுதலாம் என்று எனக்கு நெடுநாள் ஆசை.

வீடமைப்பு ஆய்வுக்குச் சிங்கப்பூர் வளமான நிலம். 2015இல் அறிமுகமான அருகாமை வீட்டு மானியம், பெற்றோருடனோ அவர்களுக்கு அருகிலோ வீடு வாங்குவோருக்குப் பணம் தருகிறது; 2018இல் ‘அருகில்’ என்பதன் எல்லை இரண்டு கிலோமீட்டரிலிருந்து நான்காக விரிந்தது. அருகில் குடிவந்தால் கவனிப்பு கூடுகிறதா, யாரிடமிருந்து யாருக்கு அது செல்கிறது? பெற்றோரைப் பார்த்துக்கொள்ளவென்று வந்த பிள்ளை, தன் குழந்தையைப் பெற்றோரிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போவதும் உண்டு.

இவை எல்லாவற்றையும் இணைக்கும் இழையாக இப்போது முதுமை மேலெழுந்திருக்கிறது. சிங்கப்பூரின் மொத்தக் கருவள விகிதம் 2023இல் 0.97 ஆகக் குறைந்தது. ஒன்றுக்குக் கீழே அது இறங்கியது அதுவே முதல் முறை. பிள்ளைகள் குறைந்து பெற்றோர் நெடுநாள் வாழும்போது, ஒற்றை மகளோ மகனோ இரு பக்கமும் இழுபடுகிறார். அதனால்தான் பராமரிப்பாளரின் மனச்சுமை, ஓய்வுக்காலச் சேமிப்பு, தனிமை, பேரப்பிள்ளைகளை வளர்க்கும் தாத்தா பாட்டிகள் போன்ற தலைப்புகள் சமூகப்பணி, பொருளியல், பொதுச் சுகாதாரம் என்று எந்தத் துறையின் மாணவரிடமிருந்தும் வருகின்றன.

தரவு எங்கிருந்து வருகிறது?

தலைப்பைப் போலவே முறையும் போக்குக்கு உட்பட்டது. மாணவருக்குக் கையில் காசும் காலமும் குறைவு. ஆகவே மிக எளிதான வழி, இணையத்தில் வினாத்தாள் ஒன்றை அமைத்து நண்பர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றவிடுவது. கிடைக்கும் விடைகள் பெரும்பாலும் பல்கலைக்கழகம் படித்த இருபது வயதுக்காரர்களுடையவை; அவற்றைக்கொண்டு ‘சிங்கப்பூர்க் குடும்பங்கள்’ என்று பேசுவது பொருந்தாது. இந்தக் குறையை உணர்ந்தவர்கள் இரு திசைகளில் போனார்கள். ஒரு சாரார் ஆழ்ந்த நேர்காணலுக்குத் திரும்பினார்கள்: இருபது முப்பது பேரை மட்டும் சந்தித்து, ஒவ்வொருவரோடும் மணிக்கணக்கில் பேசி, உரையாடலை எழுத்தாக்கி, அதில் திரும்பத் திரும்ப வரும் கருத்துகளை இனங்காணும் முறை அது. மற்றொரு சாரார், ஏற்கெனவே திரட்டப்பட்ட பெருந்தரவைப் பயன்படுத்துகிறார்கள். ஏறத்தாழ 5,000 குழந்தைகளைப் பின்தொடரும், சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் குடும்ப, மக்கள்தொகை ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த நெடுங்கால ஆய்வும், மூத்தோரிடம் மாதந்தோறும் கேள்வி கேட்கும் சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்தின் சிங்கப்பூர் லைஃப் பேனலும் இத்தகையவை. இரண்டையும் கலந்து செய்யும் கலப்பு முறை இப்போது பெருகி வருகிறது.

தமிழ் வாசகர்கள் கவனிக்க வேண்டிய ஒரு கணக்கு இங்கே இருக்கிறது. குடியிருப்பாளர்களில் இந்தியர் ஏறத்தாழ 9 விழுக்காடு. எனவே 1,000 பேரைக் கொண்ட நாடு தழுவிய மாதிரியில் இந்தியர் சுமார் 90 பேர்தான் இருப்பார்கள். தமிழர் அவர்களில் ஒரு பகுதியினரே. அவர்களுக்குள் ஆண், பெண், வயது, வருமானம் என்று பிரித்தால் ஒவ்வொரு கட்டத்திலும் விரல்விட்டு எண்ணத்தக்க சிலர்தான் எஞ்சுவார்கள். அவர்களை வைத்து உறுதியாக எதுவும் சொல்ல இயலாது. பெரிய ஆய்வுகளின் அறிக்கைகளில் ‘இந்தியர்’ என்ற ஒற்றைப் பத்தியோடு பேச்சு முடிந்துவிடுவதற்கு இதுவே முதன்மைக் காரணம். தமிழ்க் குடும்பங்களைத் தனியாக அறிய வேண்டுமானால் அவர்களைக் கூடுதலாகச் சேர்த்து மாதிரியை அமைக்க வேண்டும், அல்லது நேர்காணலுக்குப் போக வேண்டும். நேர்காணலிலும் மொழி குறுக்கே நிற்கும். 2020ஆம் ஆண்டின் குடித்தொகைக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்கு மேற்பட்ட குடியிருப்பாளர்களில் வீட்டில் தமிழை அதிகமாகப் பேசுவோர் 2.5 விழுக்காட்டினர்தான். மகள் ஆங்கிலத்திலும் தாய் தமிழிலும் விடை சொல்லும் வீட்டில், ‘மன உளைச்சல்’ என்று ஒருவர் சொல்வதும் ‘ஸ்ட்ரெஸ்’ என்று மற்றவர் சொல்வதும் ஒன்றுதானா என்று மாணவர் யோசிக்க வேண்டியிருக்கிறது. தமிழ் அறிந்த மாணவர் ஒருவர் மற்றவர்களால் செய்ய முடியாத ஆய்வைச் செய்யக்கூடிய இடம் இது.

போக்கை வாசிப்பதில் சில எச்சரிக்கைகள்

‘இத்தலைப்பு வளர்கிறது, அத்தலைப்பு தேய்கிறது’ என்ற கூற்றைக் கேட்டதும் நம்பிவிட வேண்டியதில்லை. ‘நீரிழிவு நோயுள்ள பாட்டிக்குப் பேத்தி சமைக்கும் உணவு’ என்றொரு தலைப்பு இருப்பதாகக் கொள்வோம். அதை ஊட்டச்சத்து என்று எண்ணுவதா, குடும்ப உறவு என்று எண்ணுவதா, முதுமை என்று எண்ணுவதா? வகைப்படுத்துபவர் மாறினால் போக்கும் மாறும். ஆகவே நல்ல ஆய்வுகளில் இருவர் தனித்தனியாக வகைப்படுத்தி, எந்த அளவுக்கு ஒத்துப்போனார்கள் என்பதையும் தெரிவிப்பார்கள்.

நிர்வாக மாற்றங்களும் கண்ணை ஏமாற்றும். ஊட்டச்சத்துத் துறையை ஒரு பல்கலைக்கழகம் மருத்துவப் புலத்துக்கு மாற்றிவிட்டால், அந்த ஆய்வேடுகள் மனையியல் பட்டியலிலிருந்து மறைந்துவிடும். ஆர்வம் குறைந்துவிட்டது என்று பட்டியல் சொல்லும், உண்மையில் ஆர்வம் அப்படியே இருக்கும். ஆய்வேடு இல்லாமல் பாடங்களை மட்டும் படித்து முடிக்கும் முதுநிலைப் பட்டங்கள் பெருகினாலும் இதே மயக்கம் ஏற்படும். காலத் தாமதத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். 2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை நீடித்த நோய்ப்பரவல் முறியடிப்புக் காலத்தில் வீடே பள்ளியாகவும் அலுவலகமாகவும் மாறியது. ஆனால் அதைப் பற்றிய ஆய்வேடு எழுதி முடிக்கப்பட்டு நூலகத்தை அடையும்போது, அந்த அனுபவம் நமக்குப் பழங்கதையாகிவிட்டிருக்கும். ஆய்வேடுகளின் போக்கு எப்போதும் சில ஆண்டுகள் பழைய செய்திதான்.

நிதியும் நெறியாளரும் இன்னொரு காரணம். முதுமை ஆய்வுக்கு நிதி கிடைக்கும்போது முதுமை ஆய்வேடுகள் பெருகும்; நெறியாளரிடம் குழந்தைகளைப் பற்றிய தரவு இருந்தால் அவருடைய மாணவர் ஐவரும் குழந்தைகளைப் பற்றியே எழுதுவார்கள். இதில் தவறொன்றும் இல்லை. ஆனால் ‘மாணவர்களின் ஆர்வம்’ என்று நாம் அழைப்பதில் எவ்வளவு பகுதி உண்மையில் மாணவர்களுடையது என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது.

இத்துறையை மேலும் அறிய விரும்புவோர் பல்கலைக்கழகங்களின் இணையக் களஞ்சியங்களில் தொடங்கலாம். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் டிஆர்-என்டியு, சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் ஸ்காலர்பேங்க் ஆகியவற்றில் ஆய்வேடுகள் பல இலவசமாகக் கிடைக்கின்றன. குடும்பம், பராமரிப்பு, பணிப்பெண், சேமிப்பு போன்ற சொற்களை ஆங்கிலத்தில் இட்டுத் தேடி, ஆண்டு வாரியாக அடுக்கிப் பார்த்தால் ஒரு சிறு போக்கு ஆய்வை நாமே செய்துவிடலாம். முந்நூறு பக்கங்களையும் படிக்க வேண்டியதில்லை. முதலில் ஆய்வுச் சுருக்கம், பிறகு தரவு எப்படித் திரட்டப்பட்டது என்ற அத்தியாயம், அதன்பின் நேராகக் கடைசி அத்தியாயம். அங்கே ‘ஆய்வின் வரம்புகள்’, ‘மேலாய்வுக்கான பரிந்துரைகள்’ என்ற தலைப்புகளில் இரண்டு மூன்று பக்கங்கள் இருக்கும். தான் கேட்க முடியாமல் போனவர்களையும், மாதிரியில் சேராத சமூகங்களையும் மாணவர் அங்குதான் ஒப்புக்கொள்வார். அடுத்து வரும் மாணவர் பெரும்பாலும் அந்தப் பக்கங்களிலிருந்தே தம் கேள்வியை எடுத்துக்கொள்கிறார்.